ரெஸ்டோர் பாயிண்ட் பேக்கப் கிடையாதுங்க
"ரெஸ்டோர் பாயிண்ட் ஆன்ல இருக்கு, ஹார்ட் டிஸ்க் போனாலும் கவலையில்ல"ன்னு மேல போட்டிருக்கீங்களே, அது தப்புங்க. ரெஸ்டோர் பாயிண்ட்ங்கிறது விண்டோஸ் தன்னோட அப்போதைய நிலையை சேமிச்சு வைக்கிறது, அது அதே டிரைவுக்குள்ளதான் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்ங்கிற மறைஞ்ச ஃபோல்டர்ல உக்காந்திருக்கும், டிஸ்க் செத்தா அதுவும் சேர்ந்தே போயிடும். சிஸ்டம் ஃபைல், டிரைவர், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கிற இடம்) இதையெல்லாம்தான் பழைய நிலைக்கு கொண்டுபோகும், உங்க போட்டோ பக்கம் திரும்பிக்கூட பாக்காது. டிஸ்க்கே போறதுக்கு சிஸ்டம் இமேஜ்தான், அதாவது விண்டோஸோட சேர்த்து எடுக்கிற முழு நகல்தான் வேணும், விண்டோஸ் 10லயும் கண்ட்ரோல் பேனல்ல "பேக்கப் அண்ட் ரெஸ்டோர் (விண்டோஸ் 7)"ங்கிற பழைய பேர்லயேதான் அதை எடுக்கிற டூல் கிடக்கு (பேரக்கூட மாத்தல பாருங்க), எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எடுங்க. பூட் ஆகுற பென்டிரைவும் ஒண்ணு ரெடியா வேணும், இல்லன்னா புது டிஸ்க்ல எதை வச்சு ரெஸ்டோரை ஸ்டார்ட் பண்ணுவீங்க? அப்புறம் புது எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கைவிட சின்னதா வாங்கிடாதீங்க, 1 டிபி டிஸ்க்ல வெறும் 100 ஜிபிதான் யூஸ் பண்ணிருந்தாலும் 256 ஜிபில இந்த டூல் ரெஸ்டோர் பண்ணாது.