விளையாடுறதெல்லாம் நோயில்லை

“வீடியோ கேம் விளையாடுறதே மனநோய் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019இல அறிவிச்சிட்டுது” எண்டு சிலர் எழுதுறது பிழை. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 எண்ட அந்த நிறுவனத்தின்ர நோய் வகைப்பாட்டில இருக்கிறது ‘கேமிங் டிஸோர்டர்’, அதாவது விளையாட்டுக் கோளாறு. அதுக்கு மூண்டும் சேர்ந்திருக்க வேணும்: விளையாட்டைக் கட்டுப்படுத்த ஏலாமை, மற்ற எல்லாத்தையும் விட அதுவே முதலிடம் பிடிக்கிறது, தீங்கு வந்த பிறகும் தொடருறது. அதால படிப்போ வேலையோ குடும்பமோ கடுமையாப் பாதிக்கப்பட்டிருக்க வேணும். பொதுவா 12 மாதமாவது நீடிக்கவேணும். நிலைமை கடுமையெண்டால் அந்தக் காலம் குறையலாம்.

ஓ.எல். சோதினை முடிஞ்ச பெடியள் ஒரு கிழமை இரவிரவா ஃப்ரீ ஃபயர் எண்ட போன் கேம் விளையாடினா அது இந்த நோயில்லை. நித்திரை கெடுறது வேற பிரச்சினை, அதைத் திருத்தத்தான் வேணும். மணித்தியாலத்தை மட்டும் எண்ணாதேங்கோ. டியூசனை விட்டிட்டானா, சாப்பாட்டுக்கும் எழும்பாமல் இருக்கிறானா, சிநேகிதரை விட்டு ஒதுங்கிறானா எண்டு பாருங்கோ.

ஃப்ரீ ஃபயரை நாலு பேர் அணியா விளையாடேக்க ஒருத்தன்ர போனை நடுவில பறிச்சா மற்ற மூண்டு பேரும் மாட்டுவினம். வீட்டில சண்டை வாறது கூடுதலா அந்த இடத்திலதான். ஒரு ஆட்டம் 10 நிமிசமளவில முடிஞ்சிடும். “இந்த ஆட்டத்தோட நிப்பாட்டு” எண்டு முன்கூட்டியே சொல்லுங்கோ. மேலே சொன்ன அறிகுறியள் மாசக்கணக்கில இருந்தா, பிள்ளைக்குப் பட்டம் சூட்டாமல் இலங்கையின்ர 1926 மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கோ.