கஞ்சர்கள் கட்டிய உள்ளாட்சி

நார்வே என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது எண்ணெய்ப் பணம், இலங்கைச் சமாதானப் பேச்சுக்கு வந்த எரிக் சோல்ஹெய்ம். எண்ணெய் கிடைப்பதற்கு நூறு வருடத்துக்கும் மேல் முன்னாலேயே அங்கே உள்ளாட்சி வந்துவிட்டது. கொண்டுவந்ததில் பெரும்பங்கு காசை எண்ணி எண்ணிச் செலவழித்த விவசாயிகளுக்கு. கஞ்சர்கள் என்றே சொல்லலாம். எனக்கு அந்தக் கஞ்சத்தனம் பிடித்திருக்கிறது.

ஓலே காப்ரியேல் உவெலாண்ட் என்று ஒருவர். 1799இல் தென்மேற்கு நார்வேயில் பிறந்தவர். இளம் வயதிலேயே பண்ணை பண்ணையாகப் போய்ப் பாடம் நடத்திய வாத்தியார். ஹெஸ்கெஸ்டாட் என்ற சின்ன ஊரில் பெண் எடுத்தார். பண்ணையும் கூடவே வந்தது. நம்ம கணக்கில் வீட்டோடு மாப்பிள்ளை. உவெலாண்ட் என்பதே அந்தப் பண்ணையின் பெயர்தான். அங்கே அப்படித்தான், எந்த நிலத்தில் இருக்கிறாயோ அதுதான் உன் பெயர்.

1833இல் கூடிய நாடாளுமன்றத்தில் கிட்டத்தட்டப் பாதி இடம் விவசாயிகளுக்குப் போனது. உவெலாண்டும் அதில்தான் உள்ளே போனார். 1837இல் உள்ளாட்சிச் சட்டம். அதுவரை ஊர்க்காரியம் அரசு அதிகாரி, பாதிரியார் கையில். இனி ஏழைகளுக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்று வரி கட்டுகிறவர்களே தேர்ந்தெடுத்த ஆட்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள்.

அடுத்த தலைமுறையில் சோரன் யோபெக். இவரும் விவசாயி, நாற்பது வருடத்துக்கு மேல் நாடாளுமன்றத்தில் இருந்தவர். எந்தச் செலவு வந்தாலும் எதிர்த்து ஓட்டுப் போடுவார். பெயரை எழுதும்போது முதலில் வருவது 'யா', அதாவது 'ஆம்'. அதை மாற்றி 'நெய்பெக்' என்று கிண்டல் செய்தார்கள். (நம்ம நெய் இல்லை, அவர்கள் மொழியில் 'இல்லை'.)

ரொம்பவும் புகழ வேண்டாம். இந்த உள்ளாட்சியில் குடிசை போட்டுக்கொண்டு பண்ணையாருக்கு உழைத்துக் கொடுத்தவர்களுக்கு ஓட்டு இல்லை. எல்லாப் பெண்களும் உள்ளாட்சியில் ஓட்டுப் போட 1910 வரை ஆனது.

இன்றைக்கும் அங்கே பெரும்பாலான கவுன்சிலர்களுக்கு அரசியல் முழுநேர வேலை கிடையாது. கவுன்சிலர் பால்பண்ணைக்காரராக இருந்தால், பள்ளிக்கூடத்தை மூடலாமா என்று கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே பையில் போன் அடிக்கலாம். கூப்பிடுவது கட்சிக்காரர் இல்லை, பண்ணையில் தானாகப் பால் கறக்கும் இயந்திரம். எங்கேயோ சிக்கிக்கொண்டு நிற்கிறது. ஊர்ப் பணத்தைப் பற்றி இந்த மாதிரி ஆள் பேசினால் நான் காது கொடுத்துக் கேட்பேன். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவர் பிள்ளையும் படிக்கும்.

1960களில் சின்னச் சின்ன உள்ளாட்சிகளைச் சேர்த்து, 744ஐ 454 ஆக்கினார்கள். இப்போது 357. உவெலாண்டின் ஹெஸ்கெஸ்டாடை 1965லேயே பக்கத்து லுண்டோடு சேர்த்துவிட்டார்கள்.