"பிரெட் சூடா இருக்கா?" என்று கேட்காதீர்கள்

கைவினை பேக்கரியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி இது. சவர்டோ (புளித்த மாவைக் கலந்து பொங்கவைத்துச் சுடும் ரொட்டி) மாதிரி கெட்டி ஓடுள்ள பெரிய ரொட்டிக்கு இது தப்பான கேள்வி. ஓவனிலிருந்து எடுக்கும்போது அதன் நடுப்பகுதி 96–98 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதிலுள்ள ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, அப்போது கூழ்ப் பதம். ஆற ஆறத்தான் இறுகும். முக்கால் கிலோ ரொட்டி ஆற ரெண்டு மணி நேரமாவது வேண்டும். அவசரப்பட்டு அறுத்தால் கத்தியில் ஒட்டும், துண்டு அமுங்கும், நன்றாக வெந்த ரொட்டிகூட வேகாதது போல வாயில் பிசுபிசுக்கும். முழுக்க ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) மாவு என்றால் ஒரு நாள் வைத்திருந்து அறுப்பதே முறை. காலையில் வெந்து இறங்கிய கோதுமை சவர்டோவுக்கு மதியம்தான் சரியான பதம்.

அதனால் மெனு கார்டைப் பார்ப்பதற்கு முன்னால் அலமாரியைப் பாருங்கள். எந்த ரொட்டி என்று முடிவு செய்துவிட்டு, அதற்குள் என்ன வைப்பது என்று யோசிக்கலாம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உள்ளே வைக்கும் சீஸும் காய்கறியும் எந்தக் கடையிலும் கிடைக்கும். இங்கே காசு கொடுப்பது ரொட்டிக்கு.

ஓடு ஆழ்ந்த பழுப்பில், கீறிய இடத்தில் விளிம்பு தூக்கி நிற்க வேண்டும். வெளிறிப்போய்த் தட்டையாக இருந்தால் மாவு அளவுக்கு மீறிப் புளித்திருக்க வாய்ப்பு அதிகம். அறுத்த துண்டைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். மேல் ஓட்டுக்கு அடியில் பெரிய குகை, கீழே இறுகிய மாவு என்றால் போதுமான அளவு புளிக்கவில்லை; வயிறு கனக்கும். "பெரிய ஓட்டை இருந்தால்தான் நல்ல சவர்டோ" என்பது படம் எடுப்பவர்கள் கிளப்பிவிட்ட நம்பிக்கை. சாண்ட்விச்சுக்குச் சின்னதும் நடுத்தரமுமான துளைகள் சீராகப் பரவியிருப்பதே நல்லது. இல்லாவிட்டால் சாஸ் மடியில் ஒழுகும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதில் கடை ஈஸ்ட் சேர்க்கிறீர்களா?" மாவு, தண்ணீர், உப்பு, ஸ்டார்ட்டர் (மாவும் தண்ணீரும் கலந்து தானாகப் புளிக்கவிட்ட உறை மாவு), இவ்வளவுதான் சவர்டோ. பிசைந்த மாவு 24–26 டிகிரியில் நாலைந்து மணி நேரம் பொங்கி, பிறகு குளிரில் ஒரு ராத்திரி கிடக்கும். பல இடங்களில் 'கைவினை' என்ற சொல்லுக்குச் சட்டக் காவல் எதுவும் கிடையாது. பிரான்சில் 1993-இல் வந்த அரசாணை 'பாரம்பரிய ரொட்டி' என்று விற்க, உறைய வைக்கவும் கூடாது, ரசாயனச் சேர்க்கையும் கூடாது என்றது. மற்ற இடங்களில் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். கொஞ்சம் ஈஸ்ட் சேர்ப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் தப்பு. சவர்டோவில் குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை சவர்டோ ஆகாது.

சாண்ட்விச் விஷயத்துக்கு வருவோம். கடித்ததும் உள்ளே இருப்பதெல்லாம் பின்பக்கம் பிதுங்குகிறதா? உள்ளீட்டைவிட ரொட்டி கடினமாக இருப்பதுதான் காரணம். முட்டை மயோனைஸ் போன்ற குழைவான உள்ளீட்டுக்கு மெத்தென்ற ரொட்டி கேளுங்கள். கெட்டி ஓடுதான் வேண்டும் என்றால் ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் அறுக்கச் சொல்லுங்கள், அல்லது மேல்மூடி இல்லாத ஒற்றைத் துண்டு சாண்ட்விச் சொல்லுங்கள். துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் டோஸ்ட் செய்து அந்தப் பக்கத்தை உள்ளே வைத்தால் ரொட்டி ஊறாது, வெளிப்பக்கம் மேலண்ணத்தைக் கிழிக்காது.

வெண்ணெயை ஓரம் வரை தடவ வேண்டும். ருசிக்கு மட்டுமல்ல, ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பதும் அந்தக் கொழுப்புதான். தக்காளிக்கு உப்புத் தூவிப் பத்து நிமிடம் வடியவிட்டு, சீஸுக்கும் இலைக்கும் நடுவே வைக்க வேண்டும். ரொட்டியைத் தொடக் கூடாது. காலையிலேயே கட்டிப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியதை வாங்காதீர்கள். உள் ஈரம் ஓட்டுக்கு ஏறி, மொறுமொறுப்பு போய் இழுவையாகியிருக்கும்.

உப்பையும் கணக்கில் வையுங்கள். மாவின் எடையில் 2 சதவீதம் உப்பு என்பது வழக்கமான அளவு. 60 கிராம் துண்டு ரெண்டு சாப்பிட்டால் ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வதே 5 கிராமுக்குள். அதன்மேல் ஊறுகாய்க் காய், உப்புச் சீஸ் ரெண்டும் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

சூப் சொன்னால் நேற்றைய ரொட்டி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். புதுசு சூப்பில் குழைந்துவிடும், பழசு தாங்கும். ரொட்டியைக் குடைந்து அதில் சூப் ஊற்றித் தருவது பார்க்க அழகு, அவ்வளவுதான்.

குரோசான் (வெண்ணெய் மடித்து அடுக்கடுக்காகச் சுட்ட பிறை வடிவ ரொட்டி) காலைப் பண்டம். மதியத்துக்குள் மொறுமொறுப்பு பாதி போயிருக்கும். 160–170 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்துத் தரச் சொல்லுங்கள். மைக்ரோவேவ் என்றால் வேண்டவே வேண்டாம்.

மீந்ததை வீட்டுக்கு எடுத்துப் போனால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஸ்டார்ச் மறுபடி இறுகிப் பழசாவது அந்தக் குளிரில்தான் வேகம். ரெண்டு நாளைக்கு, அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் கவிழ்த்து வைத்தால் போதும். அதற்கு மேல் என்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, எடுத்ததும் நேராக டோஸ்டரில் போடுங்கள்.