அழாதேன்னு மட்டும் சொல்லாதீங்க

தம்பி போன அன்னைக்கு எங்க காரைக்குடி வீட்டுக்குக் கேதம் கேட்க முதல்ல வந்தது சபைக்காரங்க. "அழாதீங்கம்மா, கர்த்தர் செஞ்சா நன்மைக்குத்தான்"னு ஜெபம் பண்ணிட்டு உட்கார்ந்தாங்க. அம்மா கல்லு மாதிரி இருந்தாங்க. அப்புறம் பக்கத்து வீட்டு ஆச்சி. வாசல்லயே முடியை அவிழ்த்துவிட்டு, நேரா வந்து அம்மா கழுத்தைக் கட்டிக்கிட்டு ஒப்பாரி வச்சாக. முதல்ல தம்பிக்குத் திட்டு, அப்புறம் எமனுக்கு, கடைசியா "கண்ணவிஞ்சு போன சாமி"க்கு. அப்பத்தான் அம்மா வெடிச்சு அழுதாங்க.

சபைக்காரர் ஒருத்தர் முகம் சுளிச்சார். எதுக்குங்கிறேன்? அவர் மடியில இருந்த வேதாகமத்துலயே அந்த ஒப்பாரி இருக்கே. "எதுவரைக்கும் கர்த்தாவே"ன்னு தாவீது கேட்கலையா? இயேசு சிலுவையில கதறின "ஏன் என்னைக் கைவிட்டீர்", வேதாகமத்துப் பாட்டுகளான சங்கீதங்கள்ல 22-ஆவதோட முதல் வசனம். அதை யாரும் அவிசுவாசம்னு சொல்றதில்லை.

அதே வேதாகமத்துல இருக்கிற புலம்பல் புத்தகத்தையே எடுங்க. பாபிலோன்காரன் எருசலேமைக் கொளுத்தினதுக்கு அழுத அழுகை. அஞ்சு அதிகாரம். முதல் நாலும் நம்ம ஆத்திசூடி மாதிரி எபிரெய எழுத்து வரிசையில போகும். 22 எழுத்துக்கு 22 வசனம். மூணாவதுல மட்டும் எழுத்துக்கு மூணா 66. அஞ்சாவதுலயும் 22 வசனம் இருக்கு, ஆனா எழுத்து வரிசை இல்லை. அழுது அழுது வரிசை தப்பிப்போச்சுன்னு நான் எடுத்துக்கிறேன், பண்டிதர்கள் என்ன சொன்னாலும் சரி. அந்தப் புத்தகத்துல இருந்து நம்ம வீட்டு காலண்டருக்கு வர்றதென்னவோ "காலைதோறும் புதியவைகள்" மட்டும்தான்.

"என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" சங்கீதம் 56. (துருத்தின்னா தோல் பை. சின்ன வயசுல கொல்லன் பட்டறைத் துருத்தின்னு நினைச்சுக் குழம்பியிருக்கேன்.) இதை ஆச்சிகிட்ட படிச்சுக் காட்டினப்ப, கணக்குங்கிற சொல்லுக்குத்தான் நிமிர்ந்தாக. வட்டிக்கடை வச்சிருந்த வீட்டுப் பொண்ணாச்சே! "எழுதி வச்சிருந்தாச் சரி ஆத்தா, கேட்டு வாங்கிக்கலாம்"னாக.

போன வாரம் முதல் வருஷ நினைவு ஜெபம். ஆறுதலான 23-ஆம் சங்கீதம் படிக்கலாமான்னு சபை ஐயர் (போதகர்) கேட்டார். 88 படிங்கய்யான்னேன். கொஞ்சம் தயங்கித்தான் படிச்சார். "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" வந்ததும் நிறுத்தினார். அதோட அந்தச் சங்கீதம் முடிஞ்சிருது, ஆறுதலா ஒரு வசனம்கூடக் கிடையாது.

பின்னாடி இருந்து ஆச்சி குரல்: "அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் ஆச்சி."

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அம்மா முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, இன்னொரு தடவை படிங்கய்யான்னாங்க.