180 ரூபாய் சீலுக்கு நாலு முறை சக்கரத்தைக் கழற்றினோம்

ஆயில் சீல் ஒழுகுகிறதா, சீலை மாற்று. மறுபடி ஒழுகுகிறதா, மறுபடி மாற்று. பின் சக்கரத்துப் பக்கம் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையம்தான் இந்தச் சீல். அது ஏன் ஒழுகியது என்று ஒரு மனிதர், ஒரே ஒரு மனிதர், முதல் மூன்று முறையில் கேட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. பதினோரு மாதம் அலைந்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

வண்டி 2003 மாடல் டீசல் எஸ்யூவி. அப்பா வாங்கியது. ஆர்சி புதுப்பித்து, பசுமை வரி கட்டி, ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய வண்டியில் ரப்பர் காயும், சீல் இறுகும், எண்ணெய் கசியும். அதற்காக யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அதைச் சரிசெய்கிறேன் என்று காசு வாங்கியவர்கள் மேல்தான்.

முதலில் இடது பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. டயரின் உள்சுவரில் கருப்பாக வழிந்து, அதில் தூசி ஒட்டிக்கிடந்தது. வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "வீல் சிலிண்டர் போயிடுச்சு சார்" என்றார். பிரேக்கை இயக்குகிற அந்தச் சிலிண்டரை மாற்றி, பிரேக் ஆயில் ஊற்றி, ஏர் எடுத்து அனுப்பினார். பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி இருக்கும். கிரவுன் ஆயில், அதாவது பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய், கெட்டியாக இருக்கும், கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். விரலால் தொட்டு முகர்ந்திருந்தால் தெரிந்திருக்கும். பத்து விநாடி வேலை. அதைக்கூடச் செய்யாமல் நல்ல சிலிண்டரைக் கழற்றி எறிந்தார்கள்.

ஒரு வாரத்தில் அதே ஈரம். இந்த முறை வேறு ஒர்க்‌ஷாப். அவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள், ஆக்ஸில் சீல் என்று. இந்த மாதிரி வண்டியில் கிரவுனிலிருந்து இரண்டு பக்கமும், சக்கரத்தைச் சுற்றுகிற கம்பியான ஆக்ஸில், ஹவுசிங் என்கிற ஒரு குழாய்க்குள் ஓடும். அந்தக் குழாயின் வாயில் இருக்கிற சீல்தான் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போகாமல் தடுக்கிறது. அது விட்டுவிட்டால் எண்ணெய் நேராக, டிரம்மை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவில்தான் இறங்கும். தரையில் இரண்டு சொட்டு விழுகிற விவகாரம் இல்லை இது, பிரேக் விவகாரம்.

சீலை மாற்றினார்கள். ஷூவை என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்ரோலில் கழுவி, எமரி பேப்பரில் தேய்த்து, அதையே திரும்ப மாட்டிவிட்டார்கள். "நல்லா துடைச்சாச்சு சார், ஷூ புதுசு மாதிரிதான் இருக்கு." ஷூவின் மேல் ஒட்டியிருக்கிற லைனிங் எண்ணெயைக் குடித்துவிடும் ஐயா! மேலே துடைத்தால் காய்ந்த மாதிரித் தெரியும். சூடு ஏறினால் உள்ளே இருக்கிற எண்ணெய் மேலே வரும். எண்ணெய் குடித்த ஷூவைத் தூக்கித்தான் போட வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. இது இருபது வருடம் ஸ்பானர் பிடித்தவருக்குத் தெரியாதா? தெரிந்தும் மாட்டினாரா? எது உண்மையாக இருந்தாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அந்த ஷூவோடு நான் கொல்லிமலை போனேன். அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாதி வழியில் எண்ணெய் கருகுகிற வாடை வந்தது. பிரேக்கை அழுத்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இரண்டாவது கியரில் போட்டு, எஞ்சினைப் பிடிமானமாக வைத்து, ஊர்ந்து இறங்கினேன். ஓர் இடத்தில் ஓரமாக நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டேன். நிற்கவில்லை. மெதுவாக உருண்டது. ஹேண்ட்பிரேக் அதே பின் ஷூக்களைத்தான் பிடிக்கிறது, அந்த ஷூ எண்ணெயில் குளித்துக் கிடக்கிறது, எப்படி நிற்கும்? மனைவி இறங்கி ஓடிப்போய் டயருக்கு அடியில் கல் வைத்தாள். சின்னவன் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மூன்றாவது முறை அதே ஒர்க்‌ஷாப்பில் சண்டை போட்டேன். இந்த முறை சீல், பியரிங், இரண்டு பக்கமும் புது ஷூ. கூடவே நின்று பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. புதுச் சீலை வாயில் வைத்து, ஓர் ஓரத்தில் சுத்தியலால் ஒரு தட்டு, மறு ஓரத்தில் ஒரு தட்டு. அதன் இரும்பு விளிம்பு நெளிகிறது, நான் கண்ணால் பார்க்கிறேன். சீலின் அளவுக்கு ஒரு தட்டையான கட்டையையோ பெரிய சாக்கெட்டையோ வைத்து நேராக இறக்க வேண்டிய பொருள் அது. அப்புறம் ஆக்ஸிலை உள்ளே விட்டார்கள். கனமான கம்பி. அதன் முனையில் பல் பல்லாக இருக்கும். அதைக் கையில் தாங்கிப் பிடித்து, சீலில் படாமல் உள்ளே கொண்டுபோக வேண்டும். வேலைக்கு நின்ற பையன் சீலின் மேலேயே இழுத்துக்கொண்டு போனான். புது ரப்பரில் அந்தப் பற்கள் உரசுகின்றன. "தம்பி, மெதுவா" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணா" என்றான். அவனைச் சொல்லி என்ன, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசியில் கிரவுன் ஆயில் ஊற்றினார்கள். எப்படி? வண்டியின் ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கி நிற்கும்போதே. வண்டி சமதரையில் நிற்கும்போது ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரைதான் எண்ணெய் நிற்க வேண்டும். சாய்ந்து நிற்கிற வண்டியில் பார்த்தால் அந்த அளவுக்கு என்ன அர்த்தம்? எனக்கு ஊற்றியது அதிகம். ஆறு வாரத்தில் மறுபடி ஒழுகியது. புது ஷூவும் போச்சு.

நாமக்கல்லில் லாரிக்கா பஞ்சம்? லாரி ஆக்ஸில் வேறு வகை. அதில் பாரத்தை ஹவுசிங் தாங்கும், ஆக்ஸில் சுற்றுகிற வேலையை மட்டும் பார்க்கும். சக்கரத்தைக் கழற்றாமலே உருவி எடுக்கலாம். ஆனாலும் ஆக்ஸிலோடு வாழ்கிறவர்கள் என்று, ஒரு நண்பர் சொல்லி, லாரி வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைத் தொடவே இல்லை. முதலில் வண்டிக்கு அடியில் படுத்தார். ஹவுசிங்கின் மேல் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மூடி இருக்கிறது, பிரீதர். அதைக் கழற்றி என் கையில் கொடுத்து, "ஊதிப் பாருங்க தம்பி" என்றார். ஊதினேன். காற்று போகவில்லை. சேறு இறுகி முழுக்க அடைத்துக் கிடந்தது.

ஓட ஓட ஹவுசிங்குக்குள் சூடு ஏறும், காற்று விரியும். அது வெளியேற இருக்கிற வழி அந்தப் பிரீதர்தான். அதை அடைத்துவிட்டால் அழுத்தம் எங்கே போகும்? இருப்பதிலேயே பலவீனமான இடத்தை, அதாவது சீலைத் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் தங்கத்தில் சீல் செய்து போட்டாலும் தள்ளும்!

அப்புறம் ஆக்ஸிலை உருவித் துணியால் துடைத்தார். சீலின் உதடு உரசுகிற இடத்தில் நகத்தை ஓட்டச் சொன்னார். நகம் தடுக்கியது. இருபது வருட உரசலில் வரி விழுந்திருக்கிறது. புதுச் சீல் போய் உட்காருவதே ஒரு பள்ளத்தில் என்றால் அது எப்படிப் பிடிக்கும்? அந்த இடத்தில் கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ஸ்லீவ், அதாவது மெல்லிய உலோக உறை, ஏற்றினார். சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, பொருத்தமான வளையம் வைத்து நேராக இறக்கினார். பிரீதரை டீசலில் ஊறவைத்து, காற்றடித்து, திரும்ப மாட்டினார். புது ஷூ போட்டு, வண்டியைச் சமதரையில் இறக்கிய பிறகுதான் எண்ணெய் ஊற்றினார்.

நாலு மாதம் ஆகிறது. போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரின் உள்பக்கம் காய்ந்த மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

இதுவரை போன பணம் பதினான்காயிரத்துக்கு மேல். ஒழுகிய சீலின் விலை 180 ரூபாய். பிரீதரைச் சுத்தம் செய்ய ஒரு பைசா கிடையாது.

மனசு கேட்காமல் அந்த இரண்டாவது ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பணம் கேட்கவில்லை. பிரீதர் அடைத்திருந்ததையும், ஆக்ஸிலில் வரி விழுந்திருந்ததையும், கொல்லிமலையில் நடந்ததையும் சொன்னேன். இன்னொருத்தர் வண்டிக்காவது பார்த்துச் செய்யட்டும் என்றுதான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பிரீதரைப் பார்க்கணும்னு அப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

நான் சொல்லியிருக்க வேண்டுமாம்! என் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுகிற வண்டியை அவரை நம்பி விட்டேன், கேட்ட காசைக் கொடுத்தேன், இரண்டு முறை கொடுத்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் நான்தான் சொல்லித் தர வேண்டும் என்றால், அந்த போர்டில் மெக்கானிக் என்று எதற்கு எழுதி வைத்திருக்கிறார்?