நடுகல் தேடும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் காசு

சண்டையில் செத்த வீரனுக்கு ஊரார் நட்டுவைத்த பழங்காலக் கல்தான் நடுகல். அதைப் பாதுகாக்கப் பணம் வேண்டும் என்று யாரிடம் போனாலும் முதலில் வரும் கேள்வி, "என்ன கட்டப் போறீங்க?" என்பதுதான். கூரை என்றால் பணம் வரும். கிரானைட் பலகையில் கொடுத்தவர் பெயர் உண்டு என்றால் இன்னும் சீக்கிரம் வரும். எந்த வரப்பில் எந்தக் கல் கிடக்கிறது என்று பார்த்து எழுதிவர, பத்து மாணவர்களுக்கு ஒரு வாரச் சாப்பாடும் பஸ் காசும் கேட்டுப் பாருங்கள். "பார்க்கலாம் சார்."

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் இப்போது அவசரமாகத் தேவைப்படுவது இந்தச் சாப்பாட்டுக் காசுதான். கூரையை அடுத்த வருஷம்கூடப் போட்டுக்கொள்ளலாம். பதிவே ஆகாத கல் மனை போடும்போது ஜேசிபியில் போய்விட்டால், போனது என்ன என்றுகூட நமக்குத் தெரியாது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த ஊர்! யாரோ வெயிலில் அலைந்து, மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி மை தடவி எடுக்கும் எழுத்தின் படி) எடுத்துப் படித்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது.

மாணவர்களால் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஊரின் பெயரைச் சொல்கிறேன்: புலிமான்கோம்பை. தேனி மாவட்டத்தில் வைகைக் கரையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிடைத்தவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படும், தமிழி (தமிழ் பிராமி என்ற பழைய தமிழ் எழுத்து) உள்ள நடுகற்களை 2006இல் அங்கே கண்டெடுத்தது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு. ஊர் ஊராகத் தேடிப்போன அந்தக் குழுவில் ஆய்வு மாணவர்கள் இருந்தார்கள்.

பி.ஏ. வரலாறு படிக்கும் பிள்ளைக்கு அந்த அளவு பயிற்சி இருக்காதுதான். ஆனால் கல்லின் நீள அகலம் அளக்க, பக்கவாட்டில் டார்ச் அடித்து எழுத்து தெரியும்படி போட்டோ எடுக்க, இருப்பிடத்தைக் குறிக்க, ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையை எழுதிக்கொள்ள இரண்டு நாள் பயிற்சி போதும். மைப்படியைத் தெரிந்தவர் கூட இருந்து சொல்லித்தர வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்ற சாமியாகக் கும்பிடப்படுபவை. பூசாரியைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆளுக்கு எங்கே போவது? நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் முகாம் உண்டு. ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் கோயில் வளாகத்தை மறுபடி கூட்டுவதற்குப் பதில், ஒரு முகாமை இதற்குக் கொடுக்கலாம். அதற்கு மேலும் அலைய வேண்டுமென்றால் காசு கொடுத்தாக வேண்டும். லீவு நாளில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டும் பிள்ளையிடம் "சர்டிபிகேட் தர்றோம், சும்மா வா" என்பது அநியாயம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். நாளைக்கு 300 ரூபாய், பத்துப் பேர், ஏழு நாள் என்றால் 21,000. ஒரு திறப்பு விழாவின் ஃப்ளெக்ஸ், சால்வைச் செலவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிக்கையில் அவர்கள் பெயரும் வர வேண்டும். பிள்ளைகள் கண்டுபிடித்த கல்லோடு பேப்பரில் வேறு யாரோ போஸ் கொடுப்பதை நிறையப் பார்த்தாயிற்று.

பெரிய கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணத்தைப் பலரும் சொல்கிறார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில், லாபத்தில் 2 சதவீதம் செலவிடும் பட்டியலில் வரலாற்றுச் சின்னங்களும் இருப்பது உண்மை. ஆனால் வாங்கும் அமைப்புக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு, வருமான வரித் துறையின் அறக்கட்டளைப் பதிவுகள் எல்லாம் வேண்டும். ஊர் வரலாற்றுக் குழுவிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குரூப்தான். பதிவுள்ள அறக்கட்டளையோடு சேர்ந்து கேட்கலாம், நாளாகும். அதுவரை அந்தந்தக் கல்லூரியின் பழைய மாணவர்களைக் கேட்பதே மேல். ரைஸ் மில், பாத்திரக்கடை, மெடிக்கல் என்று உள்ளூரிலேயே இருக்கிறார்கள். ஆளுக்கு 2,000 கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். கணக்கை மட்டும் மறுவாரமே பில்லோடு குரூப்பில் போட்டுவிடுங்கள்.

இந்த மூன்று மாவட்டங்களில் வரலாறு எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முகாம் எந்த ஊரில் என்று கமெண்டில் போடுங்கள். அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தெந்தக் கற்கள் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன என்று தேடி எடுத்துத் தருவது என் பொறுப்பு.