ரெயில்ஸில் கோப்பைப் பிரித்தால் மட்டும் பெயர் மோதல் போகாது
'ஹெல்பர்களைத் தனித்தனி மாட்யூலாகப் பிரித்துவிட்டால் மெத்தட் பெயர்கள் மோதாது' என்று ஒரு கட்டுரையில் வருவது, ரூபி மொழியில் வெப் ஆப் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸுக்குப் பொருந்தாது. ஹெல்பர் என்பது வியூ, அதாவது பக்கத்தைக் காட்டும் டெம்ப்ளேட், கூப்பிடும் மெத்தட்களை வைத்திருக்கும் மாட்யூல். அங்கே கோப்புதான் தனி. ஹெல்பர்ஸ் ஃபோல்டரில் இருப்பதெல்லாம் எல்லா வியூவுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் ஆப்பில் ஆர்டர் ஹெல்பரிலும் ரிட்டர்ன் ஹெல்பரிலும் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ்_லேபிள் என்ற மெத்தட் ஆளுக்கொன்று இருந்தது. ரூபியில் கடைசியாகச் சேர்ந்த மாட்யூல்தான் ஜெயிக்கும், எச்சரிக்கைகூட வராது. இங்கே ஜெயித்தது ரிட்டர்ன் ஹெல்பர் என்பதால், டெலிவரி ஆன ஆர்டருக்கெல்லாம் 'பணம் திருப்பித் தரப்பட்டது' என்று பச்சை எழுத்தில் நின்றது. டெஸ்ட் எல்லாம் பாஸ் வேறு! ஹெல்பர் டெஸ்ட் அந்தந்த மாட்யூலைத் தனியாகத்தானே சோதிக்கும். அப்புறம் இன்க்ளூட்_ஆல்_ஹெல்பர்ஸ் என்ற செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கினோம். அதன்பின் ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் (கோரிக்கையைக் கையாளும் கிளாஸ்) அதன் சொந்த ஹெல்பரும் அப்ளிகேஷன் ஹெல்பரும் மட்டும் வந்தன. அந்தக் கட்டுரையின் கமெண்டில் ஒருவர், பிஎச்பி மொழியின் ட்ரெய்ட்டிலும் (கிளாஸுக்குள் சேர்க்கும் மெத்தட் தொகுப்பு) இதே கதைதான் என்கிறார். இல்லை, இரண்டு ட்ரெய்ட் ஒரே மெத்தட் பெயரோடு ஒரு கிளாஸுக்குள் வந்தால் ஃபேட்டல் எரர் அடித்து நின்றுவிடும். எது வேண்டும் என்று இன்ஸ்டெட்ஆஃப் என்ற சொல்லைப் போட்டுச் சொன்னால்தான் நகரும். ஆனால் அந்த கிளாஸிலேயே அதே பெயரில் மெத்தட் இருந்தால், அங்கேயும் ட்ரெய்ட்டில் உள்ளது சத்தமில்லாமல் மறைந்துபோகும்.